வளைவின் உட்பக்கச் சக்கரம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் கினிகத்தேனைச் சந்தியைக் கடந்து பந்தயக் கார்கள் மலையேறும். லொறிகளிலும் ட்ரெயிலர்களிலும் கட்டப்பட்டு, ஏ7 வீதியில் வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை என்று போய் நுவரெலியாவில் இறங்கும். 1934இல் தொடங்கிய மாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயமும், ரதல்லப் பந்தயமும் தேயிலை மலைகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய தார் வீதிகளில் நடப்பவை. ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது வந்துவிடும். அங்கே ஓடும் மினி, ஃபோர்ட் லேசர், நிசான் மார்ச், ஹொண்டா சிவிக் எல்லாமே முன்சக்கர இழுவைக் கார்கள்.

இந்தக் கார்களின் சஸ்பென்ஷனைப் பற்றி மலைநாட்டுக் கராஜ்களில் ஒரு தீர்ப்பு நிலைபெற்றுவிட்டது: டபுள் விஷ்போன் பந்தயத்துக்கு, ஸ்ட்ரட் சந்தைக்குப் போய்வர. அதோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரட் கார் கைக்கு வந்தால் முதல் வேலையாக ஸ்பிரிங்கை வெட்டி, காரை இரண்டு அங்குலம் கீழே இறக்கிவிடுவது. தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. பழக்கமோ பெரும்பாலும் காரைக் கெடுக்கிறது.

முன்சக்கர இழுவையில் திருப்புவதும் இழுப்பதும் முன் டயர்களே. பிரேக்கின் பெரும்பகுதியும் அவற்றின் தலையில்தான். காரின் எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் முன்னால் இருப்பதால் நின்ற நிலையில் பிடிப்பு நன்றாக இருக்கும். ஏற்றம் அந்தப் பிடிப்பைக் குலைத்துவிடும் என்பார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், எடைமையம் அரை மீட்டர் உயரமும் சக்கர இடைவெளி 2.6 மீட்டரும் கொண்ட கார் முன்னாலிருந்து பின்னுக்கு இழப்பது மொத்த எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். அதே கார் வளைவொன்றில் 0.9 ஜி பக்கவிசையில் திரும்பினால், எடையில் ஏறத்தாழ 31 விழுக்காடு உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியேறும்போது உட்பக்க முன்சக்கரம் வெறுமனே சுழன்று புகைவது இதனால்தான். சாதாரண டிஃபரென்ஷியல் இருந்தால், சுழலும் சக்கரம் தாங்குகிற அளவு விசைதான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். ஆகவே எந்தச் சஸ்பென்ஷனையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியால்: அந்த உட்பக்கச் சக்கரத்தை அது எவ்வளவு நேரம் வீதியில் அழுத்தி வைக்கிறது?

மினியிலிருந்து தொடங்குவோம். அலெக் இசிகோனிஸ் 1959இல் கொண்டுவந்த அந்தக் காருக்கு அலெக்ஸ் மோல்டன் கொடுத்தவை இரும்பு ஸ்பிரிங்குகள் அல்ல, ரப்பர் கூம்புகள். முன்னால் மேலும் கீழும் கைகள், பின்னால் ட்ரெய்லிங் ஆர்ம்கள். ரப்பர் அமுங்க அமுங்க இறுகும். அதனால் உடல் அதிகம் சாயாது. பத்து அங்குலச் சக்கரமும் குறைந்த எடையும் சேர்ந்து, 1964, 1965, 1967 ஆண்டுகளின் மொண்டே கார்லோ ரேலிகளை அதற்குப் பெற்றுத் தந்தன. பின்பக்க அமைப்பு ஏட்டளவில் மட்டமானது: உடல் சாயும் அளவுக்குச் சக்கரமும் சாயும். ஆனால் உடல் சாயாவிட்டால் அந்தக் குறை எங்கே தெரியப்போகிறது? மினியின் உண்மையான பலவீனம் குழிகள். செப்பனிட்ட ஒட்டுகள் நிறைந்த வீதியில் அந்த ரப்பர் காரைத் துள்ளவைக்கும். துள்ளும் டயர் இழுப்பதில்லை.

லேசரும் அதன் உடன்பிறப்பான மாஸ்டா 323ம் ஸ்ட்ரட் கார்கள். ஏர்ல் மக்ஃபெர்சன் வகுத்த இந்த முறையில் ஷொக் அப்சோபரே மேல்கையின் வேலையையும் செய்கிறது. உதிரிகள் குறைவு, விலை குறைவு, இஞ்சினுக்கு இடம் தாராளம். குறை என்னவென்றால், கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தன் அடிப்பரப்பை வீதியில் முழுதாகப் பதிக்க முடியாமல் வெளிவிளிம்பில் ஏறிக்கொள்கிறது. இந்தக் குறையை இரட்டிப்பாக்குவது ஸ்பிரிங் வெட்டும் பழக்கம். காரை இறக்கும்போது லோவர் ஆர்மின் வெளிமுனை உள்முனையை விட மேலே போய்விடும். அப்போது உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடைமையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூட, சாய்வும் கூடுகிறது. இரண்டு அங்குலம் இறக்கியதால் பக்கவாட்டு எடைமாற்றம் 31இலிருந்து 28 விழுக்காடாகக் குறைவது உண்மையான லாபம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டயர் கோணத்தில் போவது அதைவிடப் பெரிது. அதை மறைக்க இன்னும் இறுகிய ஸ்பிரிங் போடுகிறார்கள். பிறகு கார் மினியைப் போலவே துள்ளுகிறது, மினியின் எடைக்குறைவு மட்டும் இல்லாமல். ஓர் அங்குலத்தோடு நிறுத்தி, நீண்ட முனையுள்ள போல் ஜொயின்டால் லோவர் ஆர்மைப் பழைய சாய்வுக்குக் கொண்டுவந்து, மேலே டயரின் சாய்கோணத்தை (கேம்பர்) திருத்தும் கேம்பர் பிளேட் பொருத்திய ஸ்ட்ரட் கார் வேறு காராகிவிடும்.

சிவிக்குக்கு வருவோம். 1980களின் இறுதியிலிருந்து 2000 வரை வந்த சிவிக்குகளின் டபுள் விஷ்போன், மேலும் கீழும் உள்ள இரு கைகளால், சாயும்போது வெளிப்பக்க டயரை உள்நோக்கிச் சரித்து நிமிர்த்தி வைக்கும். இஜி, ஈகே மாதிரிகளுக்கு இலங்கையில் இருக்கும் மதிப்பு வீண் மதிப்பல்ல. எனினும் இங்கேயும் அளவு மீறி இறக்கினால் மேல்கை உடலில் இடிக்கும். கேம்பர் மிகுந்து நேரோட்டத்தில் டயரின் உள்விளிம்பு மட்டுமே இழுக்கும். 2001இல் ஹொண்டாவே சிவிக்கின் முன்பக்கத்தை ஸ்ட்ரட்டுக்கு மாற்றியது. அதே ஆண்டு வந்த இன்டெக்ரா டைப் ஆர் டிசி5உம் ஸ்ட்ரட்தான். அதை இறக்கி ஓட்டியவர்களுக்கு, குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும் தொல்லை தெரியும்.

பின்பக்கத்தைப் பற்றியும் இதே போன்ற முன்முடிவு உண்டு. இரு பின்சக்கரங்களையும் ஒரே முறுகும் தண்டால் இணைக்கும் டோர்ஷன் பீம் என்றாலே மலிவு என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 2017இல் பல இணைப்புப் பின்சஸ்பென்ஷன் கொண்ட சிவிக் டைப் ஆர் 7 நிமிடம் 43.80 வினாடியில் சுற்றியது. 2019இல் ரெனோ மேகான் ட்ரோஃபி ஆர், டோர்ஷன் பீமோடு அதே சுற்றை 7:40.1இல் முடித்தது. பின்சக்கரத் திருப்பத்தையும் பின் இருக்கைகளையும் கழற்றி எடையைக் குறைத்ததும் அதற்கு உதவியது. 2023இல் புதிய சிவிக் முந்தியபோது, 20.832 கிலோமீட்டர் முழுச்சுற்றில் (மேலே சொன்ன நேரங்கள் சற்றுக் குறுகிய சுற்றுக்கு) இடைவெளி சுமார் அரை வினாடிதான். முன்சக்கர இழுவைக் காரில் பின்பக்கத்துக்குச் சொந்த வேலை குறைவு. அது இறுகி நின்று சாய்வின் சுமையைத் தான் ஏற்றால், முன்னால் உட்பக்கச் சக்கரம் வீதியில் தங்கும். முறுகும் பீம் அதைத் தன் இயல்பிலேயே செய்கிறது. ஆனால் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிய கணத்தோடு அந்த உதவி தீர்ந்துவிடும். அதற்குமேல் மாறும் எடை முழுவதும் முன்பக்கத்தின் மீதே விழும். மூன்று சக்கரத்தில் போகும் காருக்குக் கூட்டம் கைதட்டும். அந்தக் கார் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

2020 மார்ச்சிலிருந்து ஐந்தாண்டு நீடித்த வாகன இறக்குமதித் தடையில் பழைய சிவிக்குகளின் விலை எங்கேயோ போய்விட்டது. இளைஞர்கள் கையில் இருப்பது ஸ்ட்ரட் கார்கள். அவர்களிடம் பணம் அளவாக இருந்தால், முதலில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல், அடுத்து போல் ஜொயின்ட், பிறகு நல்ல ஷொக் அப்சோபர் என்ற வரிசையில்தான் செலவழிக்கச் சொல்வேன். ஸ்பிரிங் கடைசி.

மழை வந்தால் இந்தக் கணக்கும் கொஞ்சம் மாறும். ஏப்ரல் பிற்பகல்களில் மலையில் இடியோடு மழை பெய்வது வழக்கம். காலையில் காய்ந்திருந்த வளைவு மூன்று மணிக்கு நனைந்து கிடக்கும். ஈரத்தில் பக்கவிசை குறைவதால் எடைமாற்றமும் குறைகிறது. இறுகிய பின்பக்கம் அப்போது உதவாமல், அக்சிலரேட்டரை விட்டதும் காரின் வாலைச் சுழற்றிவிடும். கொழுந்து மலைக்கும் மதகுக்கும் இடையே பத்தடி வீதியில் அதைத் திருத்த இடமில்லை. சாய்வைக் குறைக்கும் பின் ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிவிட்டு மென்மையான ஸ்பிரிங்கில் ஓடும் ஒரு சாதாரண லேசர், விலையுயர்ந்த சிவிக்கை நெருங்குவது அந்த நேரத்தில்தான்.