வாங்குகிறவர் தலையில்

கூடலூரிலிருந்து நிலம்பூர் போகிற பஸ்ஸில் ஏறினால், கேரளாவுக்கு மலை இறங்கத் தொடங்கும் இடத்தில் நாடுகாணி. அங்கே பத்து சென்ட் நிலம் வாங்கப் போனால் என்ன செய்வீர்கள்? முதல் வேலையாக வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். (கூடலூர் பக்கம் ஜென்ம நிலம் என்று ஒரு தனி வில்லங்கம் உண்டு. 1969-ம் வருஷத்துச் சட்டத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கதை. அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.)

அதே நாடுகாணியில் டீத்தூள் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு சின்னக் கம்பெனியை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதன் மேல் என்னென்ன வரி பாக்கி இருக்கிறது, இனிமேல் என்னென்ன வரும் என்று வில்லங்கம் போட்டுப் பார்க்க முடியுமா? முடியாது. ஜி.எஸ்.டி. தளத்தில் அதன் எண்ணைத் தட்டினால் மாதாமாதம் ரிட்டர்ன் போட்டாரா இல்லையா என்று தெரியும். லாகின்கூட வேண்டாம். ஆனால் போட்ட ரிட்டர்ன் சரியா என்று தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

ஏன் தெரியவேண்டும் என்கிறீர்களா? மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85-வது பிரிவைப் படியுங்கள். வியாபாரம் கை மாறினால், மாறிய தேதி வரைக்குமான வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. விற்பனைக்கு முன்பே கணக்கிட்ட பாக்கி என்றால் நியாயம் என்று விடலாம். விற்ற பிறகு கணக்கிட்டாலும் இதே கதிதான். விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு கோயமுத்தூரில் ஃப்ளாட் பார்த்துப் போய்விடுவார். கடையில் உட்கார்ந்திருப்பது நீங்கள். நோட்டீஸ் யாரைத் தேடி வரும்?

இதைவிட வேடிக்கை, ஐ.டி.சி.-02 என்கிற படிவம். பழைய முதலாளி கணக்கில் மூன்று லட்சம் உள்ளீட்டு வரி மிச்சம் கிடக்கிறது, அது உங்களுக்கு வர வேண்டும் என்றால் அவர் இந்தப் படிவத்தைப் போட வேண்டும், நீங்கள் தளத்தில் ஏற்க வேண்டும். கூடவே ஒரு ஆடிட்டர் சான்றிதழ்: கடன் பொறுப்புகளும் சேர்த்துத்தான் மாற்றப்படுகின்றன என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது என. அதாவது வரவு வேண்டுமா, செலவுக்கும் கையெழுத்துப் போடு. விற்றவர் அவசரப்பட்டுத் தன் பதிவை முதலில் ரத்து செய்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை.

சரி, வியாபாரத்தை வாங்காமல் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பங்குகளையே வாங்கிவிடுகிறேன் என்பீர்கள். நல்ல யோசனை. பான் மாறாது, ஜி.எஸ்.டி. எண் மாறாது, டைரக்டர் பெயரை 15 நாளுக்குள் திருத்தினால் போதும், ஐ.டி.சி.-02 வேண்டாம். ஆனால் பழைய பாக்கி மொத்தமும் கம்பெனியோடு ஒட்டிக்கொண்டு வரும். பழைய நஷ்டம் மட்டும் வராது! 1961 வருமான வரிச் சட்டத்தின் 79-வது பிரிவு அப்படி. இம்மாதிரி கம்பெனிகளில் 51 சதவீத வாக்குரிமை பழைய ஆட்களிடம் இல்லையென்றால், முந்தைய வருஷத்து வியாபார நஷ்டத்தை இனி வரும் லாபத்தில் கழிக்க முடியாது. (தேய்மானம் தப்பிக்கும். அப்பா பிள்ளைக்குப் பங்கைத் தானமாகக் கொடுத்தாலும் தப்பிக்கும்.) 2025-ல் வந்த புதுச் சட்டத்தில் பிரிவின் எண் மாறியிருக்கிறது, விதி மாறவில்லை. நஷ்டக் கம்பெனிகளை வரி ஏய்ப்புக்காக வாங்குவதைத் தடுக்கத்தான் இது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடனுக்குப் பழைய கம்பெனி, நஷ்டத்துக்குப் புதுக் கம்பெனி என்று ஒரே ஆளை இரண்டு விதமாகப் பார்ப்பது எந்த ஊர் கணக்கு?

வாங்கினவரைப் பிடிப்பது பெரிய இடத்திலும் நடந்ததுதான். 2007-ல் வோடஃபோன் ஹட்சிஸனிடம் வாங்கியபோது, விற்றவர் லாபத்துக்கான வரியை ஏன் பிடிக்கவில்லை என்று சுமார் 11,000 கோடி ரூபாய் கேட்டார்கள். 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கூடாது என்றது. அதே வருஷம் சட்டத்தை 1962-லிருந்து அமலாகும்படி திருத்தினார்கள். 2021-ல்தான் பழைய விவகாரங்களை விட்டார்கள். வோடஃபோனுக்கு ஹரிஷ் சால்வே வாதாடினார். நாடுகாணி டீத்தூள்காரருக்குக் கூடலூரில் ஒரு பார்ட் டைம் அக்கவுன்டன்ட்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விற்பனைக்கு முன் இருவரும் சேர்ந்து மனுப் போட்டால், இத்தனை நாளுக்குள் இலாகா பாக்கியைச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் வாங்கினவரை விட்டுவிடட்டும். நிலத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் தருகிற அரசாங்கத்துக்கு இது பெரிய வித்தையா?

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, விலையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வது. எத்தனை நாள்? 2024-25 முதலான வருஷங்களுக்கு, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 42 மாதம் வரை நோட்டீஸ் வரலாம். அந்த வருஷத்துக்குக் கெடு 2025 டிசம்பர் 31. கூட்டிப் பார்த்தால் 2029 ஜூன். அதுவரை பாக்கிப் பணத்துக்குக் காத்திருக்க விற்பவரைச் சம்மதிக்க வையுங்கள் பார்ப்போம்.