கேட்டலோனியாவும் நத்தம் காலனியும்

2017 நவம்பர் என்று நினைவு. தருமபுரியில் தோழர்கள் ஒரு வாசிப்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். பொருள்: கேட்டலோனிய விடுதலையும் சோசலிஸ்டுகளும். அக்டோபர் 1 வாக்கெடுப்பில் ஓட்டுப்போட வந்த ஜனங்களை ஸ்பெயின் போலீஸ் அடித்து இழுத்தது, 27ஆம் தேதி அங்குள்ள நாடாளுமன்றம் விடுதலையை அறிவித்தது, மாட்ரிட் 155ஆவது பிரிவைக் காட்டி ஆட்சியைக் கலைத்தது, எல்லாம் விலாவாரியாகப் பேசப்பட்டது. லெனின் வந்தார், ரோசா லக்சம்பர்க் வந்தார். என்னோடு வந்திருந்த பெரியப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த நாட்டுல சேரி எந்தப் பக்கம் இருக்குது?"

கேலிக்காகக் கேட்கவில்லை. அவர் நத்தம் காலனிக்காரர். நான் எம்.ஏ. தமிழில் படித்த எந்தத் திறனாய்வுக் கோட்பாடும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லித் தரவில்லை.

கூட்டத்தில் இரண்டு கட்சி. ஏழை ஆந்தலூசியாவுக்கு வரிப்பணம் போகக்கூடாது என்று நினைக்கிற பணக்கார மாநிலத்தின் சுயநலம் இது என்றார் ஒருவர். இல்லை, பிராங்கோ விட்டுப்போன முடியாட்சிக்கு எதிரான குடியரசுப் போராட்டம், கியூப் மாதிரியான முதலாளித்துவ எதிர்ப்புக் கட்சியே முன்னால் நிற்கிறது என்றார் இன்னொருவர். ஒடுக்குமுறையைக் கண்டிப்பதில் இருவரும் ஒன்று. சரிதான். ஆனால் ஒரு பையன் எழுந்து, "அப்போ தமிழ்த்தேசத்துக்கும் அந்த உரிமை உண்டுங்களா?" என்றதும் இருவர் முகமும் மாறிப்போனது. பிரிவினைவாதம், ஏகாதிபத்தியச் சதி, தொழிலாளி வர்க்க ஒற்றுமை எல்லாம் வரிசையாக வந்தன. 1942இல் தேசிய இனங்களுக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டு, பிறகு அதைக் கைவிட்ட இயக்கம்தானே. 1963இல் பிரிவினைப் பேச்சுக்கு எதிராக அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தபோது தி.மு.க. திராவிட நாட்டை விட்டது. அதைக் கோழைத்தனம் என்று பேசுகிற தோழர்கள் தங்கள் மறதிக்கு மட்டும் கோட்பாடு என்று பேர் வைத்துக்கொள்கிறார்கள்.

அதற்காகத் தமிழ்த்தேசியத் தோழர்கள் பக்கம் போய் உட்கார முடியவில்லை. பொது மொழி, பொது நிலம், பொதுப் பொருளாதார வாழ்வு, பொது மனநிலை என்று 1913இல் ஸ்டாலின் தேசத்துக்கு இலக்கணம் சொன்னார். அதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். சுடுகாடே பொதுவில்லாத ஊரில் எந்த நிலம் பொது, எந்த மனம் பொது? ஆயிரக்கணக்கான சாதிகளாகக் கிடக்கிற ஜனம் எப்படித் தேசமாகும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கேட்டது இந்தியாவுக்கு மட்டுமா பொருந்தும்?

இதை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். 1985இல் மீன்சுருட்டியில் தமிழரசன் வைத்த அறிக்கை, சாதி ஒழிப்பைத் தமிழக விடுதலையிலிருந்து பிரிக்க முடியாது என்றது. அவர் போன வழியில் எனக்கு உடன்பாடில்லை. 1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கியைக் கொள்ளையடிக்க வந்த இடத்தில் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் படத்தை மாட்டியிருக்கிற பலர் அந்த அறிக்கையின் முதல் பாதியைப் படிக்காமல் தாண்டிப்போய்விட்டார்கள். அதே பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18, தேர்தல் நாளன்று சேரி வீடுகளை உடைத்தார்கள். உடைத்தவனும் தமிழன்தான்.

எங்க பக்கமும் அதே கதை. நாயக்கன்கொட்டாயில் அப்பு, பாலன் சிலைகள் நிற்கின்றன. 1980இல் நக்சல்பாரிகளை வேட்டையாட வால்டர் தேவாரம் தலைமையில் போலீஸ் வந்தது, பாலன் உயிரைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் டீக்கடை இரட்டைக் குவளையை உடைக்கப் போனவர்களில் பெரியப்பாவும் ஒருவர். கூட வந்தவர்களில் வன்னியர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்பு மணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று இடத்திலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளை நாசமாக்கினார்கள். "வந்தவனுங்கள்ல ரெண்டு பேரோட அப்பனுங்க என்கூட கிளாஸ் ஒடைச்சவனுங்க" என்பார் பெரியப்பா. வேறெதுவும் சொல்லமாட்டார்.

அரசை மட்டும் இந்தக் குழப்பம் தீண்டுவதில்லை. யாரை அடைப்பது என்பதில் அதற்குத் தெளிவு உண்டு. 2002இல் பொடா வந்தது. ஈழ ஆதரவுப் பேச்சுக்காக வைகோவும் நெடுமாறனும் உள்ளே போனார்கள். அதே ஆண்டு நவம்பரில், அன்றைக்குத் தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊத்தங்கரையில் ஒருவரைச் சுட்டுக்கொன்றுவிட்டு இளைஞர்களைக் கூட்டமாகப் பிடித்தார்கள், பெண்களும் இருந்தார்கள். மேடையில் பேசியவர்களுக்காகத் தமிழ்நாடே பேசியது. ஊத்தங்கரைப் பிள்ளைகளுக்காகப் பேசியவர்களை எண்ணிவிடலாம். ஒடுக்குமுறையை எதிர்க்க நான் எவனிடமும் அவன் கொள்கையைக் கேட்கமாட்டேன். ஆனால் யாருக்காக முதலில் குரல் எழும்புகிறது என்பதைக் கவனிக்காமலும் இருக்கமாட்டேன்.

பெரியப்பாவுக்கு அன்று பஸ்ஸில் பதில் சொன்னேன். பார்சிலோனாவைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டை ஊர்களில் ஆந்தலூசியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இருக்கிறார்கள், வேற பாஷை, பலர் விடுதலைக் கொடியைப் பிடிக்கவில்லை என்றேன். "அவங்களைக் கேட்டாங்களா?" என்றார். ஓட்டுப்போடக் கூப்பிட்டார்கள், பலர் போகவில்லை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2019 அக்டோபரில் கேட்டலோனியத் தலைவர்கள் ஒன்பது பேருக்கு 9 முதல் 13 ஆண்டுவரை சிறை என்று ஸ்பெயின் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2021இல் மன்னிப்புக் கொடுத்து விட்டார்கள், 2024இல் பொதுமன்னிப்புச் சட்டமும் வந்துவிட்டது. தீர்ப்பு வந்த வாரம் வாசிப்பு வட்டத் தோழர்கள் கண்டனச் சுவரொட்டி ஒட்டினார்கள். நானும் பசை வாளியைப் பிடித்தேன். ஏப்ரலில் பொன்பரப்பிக்கு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டதற்கு, "அது வேற பிரச்சினை தோழர்" என்றார்கள்.