எபோலிக்கு அப்பால்

இத்தாலியின் தென்புலத்து ஏழை உழவர்களை உலகறியச் செய்த நூல், கார்லோ லெவியின் 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்'. மருத்துவம் பயின்ற ஓவியரான லெவி, பாசிச ஆட்சியை எதிர்த்தமையால் 1935-இல் லுக்கானியாப் பகுதியின் சிற்றூர்களில் ஒதுக்கி வைக்கப்பட்டார். அந்நாள்களின் நினைவே 1945-இல் நூலாயிற்று. அம்மக்களின் வழக்கில் 'கிறிஸ்தவர்' என்றால் 'மனிதர்' என்றே பொருள். கிறிஸ்து எபோலி நகரோடு நின்றுவிட்டார் எனும்போது, எவரும் தம்மை மனிதராய் மதிக்கவில்லை என்றே அவர்கள் முறையிடுகின்றனர்.

நூலில் நம் நெஞ்சை உலுக்குவது, அப்பகுதியின் மத்தேரா நகரைப் பற்றி லெவியின் உடன்பிறந்த லூயிசா கண்டு வந்து கூறும் பகுதி. பாறைக் குகைகளில் கால்நடைகளோடு குடும்பங்கள் வாழ்கின்றன. மலேரியாவால் நலிந்த குழந்தைகள் காசு கேட்கவில்லை. கொயினா மருந்து கேட்டுப் பின்தொடர்கின்றனர்.

நாடு நாணியது. 1952-இன் சட்டத்தால் ஏறத்தாழ 15,000 பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். வெறுமையுற்ற குகைகள் 1993-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 2019-இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராயிற்று. இன்று குகைகள் பல, விடுதிகளாகவும் உணவகங்களாகவும் விளங்குகின்றன. பிழைப்புத் தேடி இளைஞர் வெளியேறும் பகுதிக்கு இவ்வருவாய் பெரிது. அதனை நாம் இகழவில்லை.

ஆயினும் நூலின்மீது நமக்கொரு குறை உண்டு. உழவர்களைக் காலம் தீண்டாதவர்களாகவே லெவி தீட்டுகிறார். அன்பு தீட்டிய அவ்வோவியமே இன்று விலைப்பொருளாகிவிட்டது. பயணிகள் தேடி வருவதும் அந்த மாறாத பழைமையைத்தான். 1964-இல் பசோலினி, மத்தேயு நற்செய்தியைத் திரைப்படமாக்கியபோது, பாலஸ்தீனம் புதுமையுற்றுவிட்டதெனக் கருதி மத்தேராவையே எருசலேமாக்கினார்.

ஆனால் நூலே தன் ஓவியத்தை மறுக்கிறது. லெவி மருத்துவம் பார்க்கலாகாதென ஆட்சியாளர் தடைவிதித்தபோது, அவ்வூர் உழவர்கள் கொதித்தெழுந்தனர். பின்னர் அந்த அநீதியை நாடகமாகவே நடித்துக் காட்டினர். காலத்துக்கு வெளியே நின்றவர்களா இவர்கள்? தம் உரிமையை அறிந்தவர்கள் அல்லரோ!

பழைய ஊர்களைக் கண்டு வியக்கச் செல்லும் நாமும் இந்நூலைப் படிக்க வேண்டும். குகை எத்துணை அழகாயிற்று என்பதன்று அளவுகோல். கொயினா கேட்ட அக்குழந்தைகளின் பேரர்க்கு அவ்வழகின் பயனில் பங்குண்டா என்பதே அளவுகோல். பங்கில்லையெனில், சாலை அகன்றாலும் கிறிஸ்து இன்னும் எபோலியிலேயே நிற்கிறார்.