இலையின் பச்சை

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பேசுவது பூவைப் பற்றி, பார்ப்பதென்னவோ இலையைத்தான். கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் வருகிறவர்கள் மெச்சுவார்கள், பூ மட்டும் வராது. வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சையில் லேசாக மஞ்சள் ஓடினால் சரி. செம்மை தட்டினால் இனி தாங்காது. வெளுத்த திட்டு விழுந்தால் வெயிலில் வெந்துவிட்டது.

சென்னைப் பக்கம் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பால்கனிகளுக்குத் தோதானது டென்ட்ரோபியம் வகை. வெக்கையையும் புழுக்கத்தையும் தாங்கும். ஓட்டை போட்ட மண்தொட்டியில் அடுப்புக்கரியும் செங்கல் துண்டுகளும் போதும். இங்கே உச்சிவெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். டென்ட்ரோபியத்துக்கு வேண்டியதோ 20,000 முதல் 30,000. சித்திரையில் 50 சதவீத நிழல்வலை போதாது, 75 வேண்டும். கடையில் ஆசை காட்டும் ஃபெலனாப்சிஸுக்கு டென்ட்ரோபியத்துக்கு வேண்டியதில் பாதி வெளிச்சம் போதும். நம்மூர் மே மாதம் அதற்கு ஒத்துவராது என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்த நுணுக்கம் திசை. சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியில் தலைக்கு நேரே வரும் சூரியன் ஆகஸ்ட் பாதி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கிறது. வெயிலே வராது என்று நம்பிய வடக்குப் பால்கனியில் ஆனி மாதம் காலையும் மாலையும் வெயில் சாய்வாகப் புகுந்துவிடும். மார்கழியிலோ தெற்குப் பக்கம் முழுக்க வெயில். ஆகவே தொட்டிகளும் இடம் மாற வேண்டும். வெயிலில் இருக்கும் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சுட்டால் ஒரு முழம் உள்ளே தள்ளி வையுங்கள்.