கல்வெட்டும் காட்டுக்கோயிலும்

நம் பங்குகளின் விழா மலர்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. தல வரலாறு என்னும் கட்டுரையில் மரபுக் கதையும் ஆவணச் சான்றும் ஒன்றாய்க் குழைந்து, எது நம்பிக்கை, எது ஆய்வு என்று பிரித்தறிய இயலாதபடி எழுதப்படுகின்றன. மயிலையின் பிரகாச மாதா ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம்.

கடலில் திசை தெரியாது தவித்த போர்த்துக்கீச மாலுமிகளை ஓர் ஒளி கரைக்கு அழைத்து வந்ததாகவும், அது மறைந்த இடத்தில் அவர்கள் அன்னைக்குக் கோயில் எழுப்பியதாகவும் மரபு கூறுகிறது. போர்த்துக்கீச மொழியில் 'லூஸ்' என்றால் ஒளி. 'லஸ்' என்னும் பெயர் அதன் வழி வந்ததே. ஆலயக் கல்வெட்டோ, 1516-ஆம் ஆண்டையும் ஒரு பிரான்சிஸ்கன் துறவியின் பெயரையும் குறிக்கிறது. ஆயினும், போர்த்துக்கீசர் மயிலையில் நிலையாகக் குடியேறியது 1520-களில்தான் என்பதால், அவ்வாண்டை ஐயுறும் வரலாற்றாசிரியர்களும் உளர்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தொகுத்த மலர் ஒன்றில், இவை யாவும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை என்பதுபோல் எழுதிவிட்டோம். அதைப் படித்த கல்லூரி மாணவர் ஒருவர், "சாமி, இந்த ஆண்டே உறுதியில்லை என்றால், நீங்கள் போதிக்கும் மற்றவற்றை எப்படி நம்புவது?" என்று வினவினார். பிழை அவருடையதன்று, நம்முடையது.

இடத்தின் பழமை வேறு, கட்டடத்தின் வயது வேறு. சாந்தோமில் இன்று நாம் காணும் பேராலயம், போர்த்துக்கீசர் கட்டிய பழைய ஆலயம் இடிக்கப்பட்டபின் 1896-இல் நிறைவுற்றது. இதனை வெளிப்படையாகச் சொல்வதால் திருத்தூதர் தோமாவின் கல்லறைமீது நமக்குள்ள பக்தி குறைந்துவிடவில்லை.

மலர்கள் போதிய இடம் தராத மூன்றாவது சான்று ஒன்றும் உண்டு. லஸ் ஆலயத்தை எளிய மக்கள் 'காட்டுக்கோயில்' என்றே வழங்கி வந்தனர். கடைத்தெருக்களும் வாகன நெரிசலும் சூழ்ந்த அவ்விடம் முன்னர் மரங்கள் அடர்ந்திருந்தது என்பதை அந்த ஒரு சொல் காத்து வைத்திருக்கிறது. ஆயர்களின் பெயர்ப் பட்டியலோடு மக்களின் இந்நினைவும் வரலாற்றில் இடம்பெற வேண்டாமா?

அனைத்தையும் கருத்தாய் ஆய்ந்து எழுதுவதாகக் கூறியே லூக்கா தம் நற்செய்தியைத் தொடங்குகிறார். மலர் எழுதும் அன்பர்களே, மரபை மரபென்றும், சான்றைச் சான்றென்றும், ஐயத்தை ஐயமென்றும் எழுதுவோம். ஒளியின் அன்னைக்கு உண்மையைக் கண்டு அச்சமில்லை.