கிலோமீட்டருக்குப் பதின்மூன்று சென்டிமீட்டர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு சாலையையோ கால்வாயையோ வடிவமைக்க உட்காருபவரின் மேசைக்கு மூன்று விதமான சர்வே புள்ளிகள் வந்து சேரும். டிஜிபிஎஸ்ஸில் எடுத்தவை யூடிஎம் 44-ஆம் மண்டலத்தில் இருக்கும். டோட்டல் ஸ்டேஷனில் எடுத்தவை 1000, 1000 என்று தொடங்கும் உள்ளூர் எண்களில் இருக்கும். பழைய டோப்போஷீட்டிலிருந்து எடுத்தவை எவரெஸ்ட் 1830 என்னும் பழைய புவிவடிவக் கணக்கில் நிற்கும். மூன்றையும் சிவில் 3டியில் ஒரே வரைபடத்துக்குள் சேர்த்தாக வேண்டும். ரிஷிவந்தியத்துச் சமவெளியில் தொடங்கிக் கல்வராயன் மலை வரை ஏறும் நிலத்துக்கு எந்த வழி தகும்?

அதிகம் பேர் செய்வது வரைபடத்தின் அமைப்பைத் திறந்து மண்டலத்தை மாற்றுவது. கோயம்புத்தூரும் பெங்களூரும் 43-ஆம் மண்டலத்தில் விழுவதால் அங்கே தயாரான டெம்ப்ளேட்டுகளில் 43 என்றே இருக்கும். அதை 44 ஆக்கினால் நார்த்திங், ஈஸ்டிங் எண்கள் அசையாது. அந்த எண்களுக்குரிய அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் மாறும். பெயர்ப்பலகை மாறியது, புள்ளி மாறவில்லை. கியூஜிஐஎஸ்ஸிலும் இதே குழப்பம் உண்டு: அடுக்குக்கு மண்டலத்தைக் குறிப்பது ஒரு கட்டளை, அடுக்கை மறுவீழ்த்துவது வேறு கட்டளை. ரிஷிவந்தியத்தின் 44-ஆம் மண்டல எண்களை 43 என்று படித்தால் ஊர் ஆறு பாகை மேற்கே நகர்ந்து, லட்சத்தீவின் கில்தானுக்கு வடக்கே அரபிக்கடலில் போய் விழும். இந்தப் பிழையைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் போட்டதும் அது தானே பிடிபட்டுவிடும்.

சத்தம் போடாத பிழைகளே ஆபத்தானவை. புள்ளிகளை முறையாக மாற்ற சிவில் 3டி வழி வைத்திருக்கிறது. கோப்பின் வடிவத்தில் மூல மண்டலத்தைக் குறித்து, வரைபடத்தில் சேர வேண்டிய மண்டலத்தைக் குறித்து, இறக்குமதியின்போது 'முடிந்தால் ஆயத்தொலை மாற்றம் செய்' என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். அந்த 'முடிந்தால்' எனக்கு உறுத்துகிறது. ஏதாவது ஒரு பக்கம் மண்டலம் குறிக்கப்படாமல் விட்டுப்போனால் மாற்றம் நடக்காமலேயே புள்ளிகள் வந்து உட்கார்ந்துவிடும். மென்பொருளின் கணிதத்தில் நான் குறை காணவில்லை. மாற்றம் நடந்ததா இல்லையா என்பதைப் பயனர் முகத்துக்கு நேரே சொல்லாததுதான் குறை.

எவரெஸ்ட் புள்ளிகளிலும் இதுபோன்ற ஒரு மௌனம் இருக்கிறது. அவற்றை இன்றைய புவிவடிவக் கணக்குக்கு நகர்த்த இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் பரவலாகப் புழங்கும் மூன்று மாறிலிகள் 295, 736, 257 மீட்டர். இந்த மாறிலிகளை வெளியிட்டவர்களே ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 மீட்டர் வரை ஐயம் உண்டு என்று குறித்திருக்கிறார்கள். மென்பொருளோ விடையை மில்லிமீட்டர் வரை தசமத்தில் தருகிறது. டோப்போஷீட் புள்ளி எந்த ஓடை எங்கே போகிறது என்று பார்க்க உதவும். சாலையின் நடுக்கோட்டுக்கு உதவாது. இந்த வழியை இத்துடன் தள்ளிவிடலாம்.

உள்ளூர் எண்களை யூடிஎம்முக்கு ஏற்ற, இரண்டு பொதுப் புள்ளிகளைப் பிடித்து நகர்த்திச் சுழற்றும் முறையே வழக்கம். ரிஷிவந்தியம் ஏறத்தாழ 79.1 பாகையில் இருக்கிறது. மண்டலத்தின் நடு தீர்க்கரேகை 81. எனவே கிரிட் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் 23 கலை அளவுக்கு வேறுபாடு. உண்மை வடக்கை வைத்து எடுத்த உள்ளூர் எண்களைச் சுழற்றாமல் வெறுமனே நகர்த்தினால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஏழு மீட்டர் விலகிவிடும். சுழற்றி, அளவையும் பொருத்தினால் 5 கிலோமீட்டர் நீளத்துக்குள் மிஞ்சும் பிழை ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். ஊராட்சிச் சாலைக்கு அது தாராளம். நீளம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகும்: 50 கிலோமீட்டருக்கு, நடுவில் ஒன்றரை மீட்டர். இரண்டே புள்ளிகளை வைத்துப் பொருத்தியவருக்கு இது தெரியவும் வராது. மூன்றாவது, நான்காவது புள்ளி இருந்தால்தான் மிச்சம் கண்ணில் படும்.

இனி எல்லாவற்றையும் யூடிஎம் 44-லேயே வைத்துக்கொள்வோம் என்ற வாதம். இதற்கு வலு இருக்கிறது. டிரோன் படமும் நிலையான ஜிஎன்எஸ்எஸ் நிலையங்களின் திருத்தமும் அங்கே எளிதாக வந்து பொருந்தும், பக்கத்துத் திட்டத்தோடும் சிக்கலின்றிச் சேரும். எதிர்வாதம் ஸ்கேல் ஃபேக்டர். நடு தீர்க்கரேகையில் 0.9996 என்று வைக்கப்பட்ட அளவு, மேற்கே போகப் போகக் கூடும். கணக்குப் போட்டால் ரிஷிவந்தியத்தில் தரையின் ஒரு கிலோமீட்டர், கிரிட்டில் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீண்டு வருகிறது. இரண்டு கிலோமீட்டர் சாலைக்கு 26 சென்டிமீட்டர். ஜிஎன்எஸ்எஸ்ஸில் அளந்து ஜிஎன்எஸ்எஸ்ஸிலேயே குறி போட்டால் அதுகூட உறுத்தாது. சமவெளியில், சிறு வேலைக்கு, யூடிஎம் போதும் என்றே சொல்வேன்.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை வேறு. உளுந்தூர்பேட்டையில் கிலோமீட்டருக்கு 3 சென்டிமீட்டராக இருக்கும் நீட்சி, சேலத்தருகே 79 ஆகிவிடுகிறது. முனைக்கு முனை கூட்டினால் நாற்பது மீட்டருக்கும் மேல். அந்தச் சாலையின் புறவழிகள் முதலில் இருவழியாகவே போடப்பட்டவை. அவற்றை அகலப்படுத்தும்போது பழைய புள்ளிகளோடு புதியவை சேர வேண்டும். ஒன்று தரை அளவிலும் மற்றொன்று கிரிட் அளவிலும் இருந்தால், எந்தச் சர்வேயரின் கருவியிலும் பழுதில்லாமலே பாலத்தின் இரு முனைகளும் ஒத்துப்போகாது.

அந்த இடைவெளியை மூட, புள்ளிகளை ஒரு கூட்டு ஸ்கேல் ஃபேக்டரால் வகுத்துத் 'தரை எண்கள்' ஆக்கும் பழக்கமும் உண்டு. ஒற்றை மனைக்கு அது சரி. ஆனால் அப்படிப் பெற்ற எண்களும் பார்வைக்கு யூடிஎம் எண்களைப் போலவே இருக்கும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அவற்றை 44 என்று நம்பி இறக்குவார். முன்னொட்டு இலக்கங்களை வெட்டாமல் இப்படிச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

இவற்றில் மேலானது திட்டத்துக்கென்றே ஒரு குறுக்கு மெர்கேட்டர் புரொஜெக்‌ஷன் அமைத்துக்கொள்வது. நடு தீர்க்கரேகையை 79-இல் வைத்தால் ரிஷிவந்தியத்தில் நீட்சி கிட்டத்தட்ட சுழி, மலைப்பக்கம், 78.7-இலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குள். இதை மென்பொருளில் ஒருமுறை வரையறுத்துவிட்டால் அட்சரேகை, தீர்க்கரேகை வழியாக 44-க்கும் இதற்கும் போகவும் வரவும் பிழையே இல்லை. தமிழ்நாட்டுக்கென்று இபிஎஸ்ஜி பட்டியலில் 7785 என்ற எண்ணில் ஒரு லாம்பர்ட் புரொஜெக்‌ஷன் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மாநிலம் முழுவதையும் ஒரே படத்தில் காட்ட அது நல்லது. ஒரு சாலையின் நீளத்தைத் தரையோடு ஒட்டவைப்பது அதன் நோக்கமன்று.

என் தீர்ப்பும் மலையடிவாரத்தில் ஒரு திருத்தம் கேட்கிறது. கல்வராயனில் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் சாலை போனால், உயரத்தின் காரணமாகவே கிரிட்டில் நீளம் கிலோமீட்டருக்கு 11 சென்டிமீட்டர் குறையும். சமவெளிக்கும் மலைக்கும் ஒரே புரொஜெக்‌ஷன் என்றால் நடு தீர்க்கரேகையின் ஸ்கேலை 1.00006 என்று வைத்து, பிழையை இருபக்கமும் ஐந்தாறு சென்டிமீட்டராகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அது பொறுக்காத பாலமோ குகைவழியோ வந்தால் மலைக்குத் தனியாக ஒன்று.

உயரம் இந்த மாற்றங்கள் எதிலும் தானாகச் சரியாவதில்லை. தமிழ்நாட்டில் ஜிஎன்எஸ்எஸ் கருவி தரும் நீள்கோள உயரம் கடல்மட்ட உயரத்தைவிட ஏறத்தாழ 90 மீட்டர் குறைவு. மெரினாவில் அது மைனஸில் வரும். கிடைமட்டத்தை 44-லிருந்து திட்ட கிரிட்டுக்கு மாற்றிய பிறகும் கோமுகி அணைப் பக்கத்துக் கால்வாயின் படுகை மட்டத்துக்கு பெஞ்ச்மார்க்கிலிருந்து லெவல் ஓட்டித்தான் ஆகவேண்டும்.