முற்றிய கட்டியே பாடமானால்

2000-இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுவரையிலான பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்லர். சில வாரப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்தவர்களில் எத்தனை பேர் இதைத் தனியாகச் செய்யத் துணிவார்கள்?

பாடத்திட்டத்தை முழுக்கப் பழிக்க முடியாது. 2019-இல் வந்த திறன்சார் பாடத்திட்டம் மனப்பாடத்தைவிடக் கைப்பழக்கத்துக்கு இடம் கொடுத்தது. மார்பகப் பரிசோதனையை முதலில் பொம்மையில் பழகுவது பெரிய நன்மை. கூச்சப்படும் மாணவர் பத்து முறை தவறு செய்யலாம். எந்தப் பெண்ணும் சங்கடப்பட வேண்டியதில்லை.

ஆனால் பொம்மைக்குள் கட்டி இருக்கிறது என்று தெரிந்தே மாணவர் தேடுகிறார். பரிசோதனை முகாமில் நிலைமை நேர்மாறு: வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமானவர்கள். இயல்பானதை நூறு முறை தொட்டுப் பார்க்காத விரலுக்கு, இயல்பு பிறழ்ந்தது எப்படிப் பிடிபடும்? வார்டிலோ புண்ணாகி வெடித்த மார்பகத்தைத்தான் 'நல்ல கேஸ்' என்கிறோம். தேர்வுக்கும் அதையே தேடிப் பிடித்து வைக்கிறோம். கட்டி பெரிதானால் மதிப்பெண் எளிது. கசப்பான சொல்தான், ஆனாலும் தாமதமாக வரும் நோயாளியை நம்பித்தான் இந்தப் போதனை நடக்கிறது.

வாய்ப் புற்றுநோயில் குறை இன்னும் வெளிப்படை. தேவை ஒரு டார்ச்சும் கையுறை போட்ட இரண்டு விரலும். திருவனந்தபுரம் ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே இந்தச் சோதனை இறப்பை 34 சதவீதம் குறைத்ததாக 2005-இல் எழுதினார்கள். நம் மாணவரோ 'இருபது ஆண்டாகப் புகையிலை' என்று கேஸ் ஷீட்டில் குறித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார். அந்த மனிதரைப் புகையிலையை விட வைக்கப் பேசினாரா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. வாயைத் திறந்து பார்ப்பது பல் டாக்டரின் வேலை என்ற எண்ணம் வேறு.

நோயைத் தேடும் ஆர்வம் மட்டும் போதாது என்பதும் உண்மை. தென்கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்து செய்து, 1993-க்கும் 2011-க்கும் இடையே நோய்க் கணக்கு 15 மடங்கானது; இறப்பு குறையவில்லை. எதைத் தேடக் கூடாது என்பதும் வகுப்பில் வர வேண்டும்.

ஹவுஸ் சர்ஜனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும்போது, சோதனை செய்யும் நர்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். இயல்பான ஐம்பது கருப்பை வாய்களைப் பார்த்ததாக லாக் புக்கில் கையெழுத்தும் அந்த நர்ஸே போடட்டும். செலவு பெரிதில்லை. நர்ஸ் கையெழுத்தை ஏற்கப் பேராசிரியர்கள் சம்மதிப்பார்களா என்பதுதான் சந்தேகம்.